குடலில் வாழும் நுண்ணுயிர்களும் மூளையின் நலமும்

வயிறு கெட்டால் மனமும் கெடும் என்பதை நம்மவர்கள் அனுபவத்தால் நன்கறிவர். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறுவதில்லை. மலச்சிக்கலால் அவதியுறுவோருக்கு வேலையில் மனம் செல்வதில்லை. அச்சமும் கவலையும் மிகுந்தால் வயிறு கலங்குகிறது. குடலுக்கும் மூளைக்கும் இடையே இத்தகைய உறவு உண்டென்பது பழைய செய்தியே. ஆயின் அவ்வுறவில் மூன்றாவது பங்காளி ஒருவர் இருக்கிறார் என்பதும், அவர் நம் குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்க் கூட்டமே என்பதும் அண்மைக் காலத்தில்தான் தெளிவாக விளங்கலாயின.

இச்செய்தி வெளிவந்த சூட்டோடு வியாபாரமும் தொடங்கிவிட்டது. ‘குடலைச் சீராக்கி ஞாபக சக்தியைப் பெருக்கும்’ என்ற விளம்பரத்துடன் மாத்திரைகளும் பொடிகளும் மருந்துக் கடைகளில் விற்கப்படுகின்றன. பரீட்சைக் காலம் நெருங்கினால், தறியில் உழைத்துப் பெற்ற கூலியிலிருந்தும் காய்கறி விற்ற பணத்திலிருந்தும் இவற்றுக்குச் செலவிட முன்வரும் பெற்றோர் உண்டு. ஆகவே இவ்விஷயத்தில் எது மெய்ப்பிக்கப்பட்டது, எது இன்னும் ஆராய்ச்சியில் உள்ளது என்பதை நமது சங்க அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியமாகும். அவர்களுடைய கைப்பணத்தைக் காட்டிலும் பெரிதான ஒன்று, அதாவது பிள்ளைகளின் அறிவு வளர்ச்சி, இதில் அடங்கியுள்ளது.

குடலில் உள்ள குடிகள்

பாக்டீரியா என்பவை கண்ணுக்குப் புலப்படாத மிக நுண்ணிய உயிர்கள். வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன என 2016-ஆம் ஆண்டில் வெளியான கணக்கு ஒன்று கூறுகிறது. மனித உடலுக்கே உரிய உயிரணுக்கள் சுமார் 30 லட்சம் கோடி. எண்ணிக்கையில் நம்மை விஞ்சி நிற்கும் இக்கூட்டத்தின் மொத்த எடையோ ஏறத்தாழ 200 கிராம்தான். இவற்றுள் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்பவை.

பாக்டீரியா என்றவுடன் நோய் என்று எண்ணுதல் தவறு. காலரா, டைபாய்டு முதலியவற்றை உண்டாக்குபவை ஒரு சிலவே. மற்றவை நாம் உண்ட உணவில் பங்கு பெற்று, அதற்கு ஈடாக வேலை செய்கின்றன. கேழ்வரகு, பயறு, கீரை முதலியவற்றிலுள்ள நார்ப்பொருளைச் செரிக்கும் ஆற்றல் நமது குடலுக்கு இல்லை. பெருங்குடலை அடையும் அந்நாரைப் பாக்டீரியாக்கள் புளிக்க வைத்துச் சில எளிய அமிலங்களாக மாற்றுகின்றன. அவ்வமிலங்களுள் ஒன்று குடலின் உட்சுவருக்கே உணவாகிறது. ஏனையவை இரத்தத்தில் கலந்து உடலெங்கும் செல்கின்றன. சில உயிர்ச்சத்துக்களையும் அவை ஆக்கித் தருகின்றன.

பட்டுப்புழு வளர்க்கும் அங்கத்தினர்களுக்கு இதனை விளக்குதல் எளிது. ஈரம் வடியாத இலையையும் வெப்பமேறிப் புளித்த இலையையும் புழுவுக்கு இட்டால், அதன் குடலில் தீய பாக்டீரியா பெருகிப் புழு சோர்ந்து, தளர்ந்து, மடிவதை அவர்கள் கண்டிருப்பர். பிரான்சு நாட்டு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1865-ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் ஆராய்ந்த பட்டுப்புழு நோய்களுள் இதுவும் ஒன்று. இலையின் தன்மை குடலின் நிலையை மாற்றுகிறது. குடலின் நிலை புழுவின் சுறுசுறுப்பையே மாற்றுகிறது. மனிதரிடத்தில் இந்நிகழ்ச்சி இதைவிடச் சிக்கலானது. ஆயினும் உணவே குடலிலுள்ள கூட்டத்தின் தன்மையைப் பெரிதும் நிர்ணயிக்கிறது என்பது இரண்டுக்கும் பொது.

மூளைக்குச் செல்லும் மூன்று வழிகள்

குடலில் நடப்பது தலைக்குள் இருக்கும் மூளையை எவ்வாறு எட்டுகிறது? இதற்கு மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது நரம்பு வழி. ‘வேகஸ்’ என்னும் நீண்ட நரம்பு மூளையின் அடிப்பாகத்திலிருந்து இறங்கி இதயத்துக்கும் வயிற்றுக்கும் குடலுக்கும் செல்கிறது. அதன் இழைகளுள் பெரும்பாலானவை குடலிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு செல்பவை. மூளையின் கட்டளையைக் கீழே கொண்டு வருபவை குறைவு.

இரண்டாவது இரத்த வழி. பாக்டீரியாக்கள் ஆக்கும் பொருள்கள் நல்லனவும் தீயனவும் இரத்தத்தில் கலந்து பயணம் செய்கின்றன.

மூன்றாவது நோய் எதிர்ப்பு வழி. உடலின் காவற்படையாகிய எதிர்ப்பு அணுக்கள் குடலைச் சுற்றிலும் மிகுதியாக உள்ளன. குடலில் ஓயாத அழற்சி இருப்பின் அதன் விளைவு மூளை வரை எட்டக்கூடும்.

ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்தார் 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை இத்துறையில் புகழ் பெற்றது. பாக்டீரியா எதுவும் அண்டாத கூண்டில் வளர்ந்த எலிகளை அவர்கள் சிறிது நேரம் அடைத்து வைத்தனர். சாதாரண எலிகளைவிட அவ்வெலிகளின் இரத்தத்தில் கலவரத்தைக் குறிக்கும் சுரப்புப் பொருள் மிகுதியாக ஏறிற்று. குறிப்பிட்ட ஒரு நல்ல பாக்டீரியாவை அவற்றின் குடலில் குடியேற்றியதும் அம்மிகை தணிந்தது. இளம் பருவத்தில் பாக்டீரியாவைக் குடியேற்றியபோது கிட்டிய பயன் வளர்ந்தபின் குடியேற்றியபோது கிட்டவில்லை. பின்னர் 2015-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிரைபர்க் நகர விஞ்ஞானிகள் வேறோர் உண்மையைக் கண்டனர். பாக்டீரியா இல்லாத எலிகளின் மூளையிலுள்ள காவல் அணுக்கள் முதிர்ச்சி பெறாமல் இருந்தன. நாரிலிருந்து உண்டாகும் எளிய அமிலங்களை நீரில் கலந்து கொடுத்தபின் அக்குறை பெருமளவு நீங்கிற்று.

இவை எலிகளிடம் கண்டவை. எலிக்குப் பொருந்துவது அனைத்தும் மனிதருக்குப் பொருந்தும் என்று கொள்ளுதல் கூடாது. எனவே மனிதரிடம் கண்ட சான்றுகளை இனி நோக்குவோம்.

வைத்தியர்கள் கண்ட தெளிவான சான்று

கல்லீரல் முற்றிலும் கெட்டுப்போன நோயாளிகளுள் சிலருக்கு அறிவு மயங்குவதுண்டு. பகலில் உறங்குவர், இரவில் விழித்திருப்பர், எளிய கணக்கும் தவறும், கையெழுத்துச் சிதையும், முற்றினால் நினைவே தப்பும். இதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று, குடற் பாக்டீரியாக்கள் புரதத்தைச் சிதைக்கையில் உண்டாகும் அம்மோனியா என்னும் நச்சுப் பொருள். நலமான கல்லீரல் அதனை உடனுக்குடன் மாற்றிவிடும். கெட்ட கல்லீரலால் அது இயலாமையால் அந்நஞ்சு மூளையை அடைகிறது. இதற்கு மருந்தாக 1960-களின் நடுவிலிருந்து ‘லாக்டுலோஸ்’ என்னும் சர்க்கரைப் பாகு வழங்கப்பட்டு வருகிறது. அப்பாகு இரத்தத்தில் சேர்வதில்லை. அது குடற் பாக்டீரியாக்களுக்கு உணவாகி, அமிலமாகி, அம்மோனியாவைக் குடலிலேயே பிடித்து நிறுத்தி மலத்துடன் வெளியேற்றுகிறது. குழம்பிக் கிடந்தவர் தெளிந்து பேசத் தொடங்குவதை வைத்தியர்கள் நாள்தோறும் காண்கின்றனர். குடலிலுள்ள பாக்டீரியா மனித மூளையின் செயலை மாற்றவல்லது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டுவதில்லை.

வேலூரில் அறிந்த உண்மை

இரண்டாவது சான்று நமக்கு அண்மையிலேயே கிடைத்தது. நம் மாவட்டத்தார் பலர் சிகிச்சைக்காக நாடிச் செல்லும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் ஆகிய மூவர் செய்த ஆராய்ச்சி 1980-ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ என்னும் உலகப் புகழ் பெற்ற விஞ்ஞான இதழில் வெளியாயிற்று. அது வைட்டமின் பி-12 என்னும் உயிர்ச்சத்தைப் பற்றியது.

நரம்புகளின் மேலுள்ள உறை கெடாமல் இருப்பதற்கும் இரத்த அணுக்கள் முதிர்வதற்கும் பி-12 இன்றியமையாதது. நாளொன்றுக்கு வேண்டிய அளவு ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் இரண்டு அல்லது இரண்டரைக் கூறு மாத்திரமே. ஆயின் இச்சத்தை எந்தப் பயிரும் ஆக்குவதில்லை. எந்த விலங்கும் தானே ஆக்குவதில்லை. நுண்ணுயிர்கள் மாத்திரமே ஆக்குகின்றன. பசுவின் வயிற்றிலுள்ள பாக்டீரியா ஆக்கிய சத்தே பாலில் வருகிறது.

நமது பெருங்குடலிலும் பி-12 உண்டாகிறது. ஆயினும் அதனால் பயனில்லை. அச்சத்தை உடல் ஏற்கும் இடம் சிறுகுடலின் கடைப்பகுதி. பெருங்குடல் அதற்கும் கீழே உள்ளது. மதகுக்குக் கீழே பெய்த மழை ஏரியை நிரப்பாதது போல், பெருங்குடலில் உண்டான சத்து வெளியேறிவிடுகிறது. வேலூர் ஆராய்ச்சியாளர் கண்டது யாதெனின், நலமாயுள்ள தென்னிந்தியரின் சிறுகுடலிலும் பாக்டீரியாக்கள் கணிசமாக வாழ்கின்றன என்பதும், அவற்றுள் குறைந்தது இரு வகைகள் பி-12 சத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் ஆக்கவல்லவை என்பதுமாகும். அதாவது மதகுக்கு மேலேயும் சிறிது மழை உண்டு.

ஆயினும் அச்சிறு மழையை நம்பி இருத்தல் ஆகாது. 1960-களின் தொடக்கத்தில் அன்றைய வட ஆர்க்காடு மாவட்டக் கிராமங்களில் ‘ஸ்புரூ’ என்னும் தீராத வயிற்றுப்போக்கு நோய் பரவியபோது அதனை ஆராய்ந்தவர்களும் வேலூர் வைத்தியர்களே. அந்நோயில் சிறுகுடலின் உட்சுவர் சேதமுற்று, உண்ட சத்து உடலில் சேராமற் போகிறது. பி-12 குறைவும் நேரிடுகிறது. ஒரே குடலில் நல்ல உறுப்பினரும் உண்டு, கெடுக்கும் உறுப்பினரும் உண்டு. நிர்வாகம் சீர்கெட்டால் சேமிப்புக் கரைகிறது என்பது கூட்டுறவாளர்களுக்குப் புதிய பாடமன்று.

இந்தியாவில் பி-12 குறைவு பரவலாக உள்ளது. பாலும் தயிரும் முட்டையும் மீனும் இறைச்சியும் அரிதாக உண்போர், முதியோர், நீரிழிவுக்கு ‘மெட்பார்மின்’ மாத்திரையை ஆண்டுக்கணக்கில் உண்போர் ஆகியோருக்கு இக்குறைவு எளிதில் நேரும். அதன் அறிகுறிகள் கால் விரல்களில் மரப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, நடையில் தள்ளாட்டம், மறதி, மனச்சோர்வு என்பன. குழித்தறியில் நாள் முழுதும் கால் தொங்க அமர்ந்து மிதிபலகையை மிதிக்கும் நெசவாளர், கால் மரத்தால் தொழிலால் வந்தது என்று கருதி ஆண்டுக்கணக்கில் விட்டுவிடக்கூடும். எழுந்து நடந்தால் நீங்கும் மரப்பு வேறு. இரவும் பகலும் நீங்காத மரப்பு வேறு. பின்னதற்கு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். குறைவு காணப்பட்டால் மாத்திரையாலோ ஊசியாலோ சிறு செலவில் தீரும். காலம் கடந்தால் நரம்புக்கு நேர்ந்த சேதம் முற்றிலும் திரும்புவதில்லை.

கருவுற்ற தாய்க்கு இச்சத்துக் குறைந்தால் பிள்ளையின் அறிவு பாதிக்குமா? புனேயில் 2008-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியில், கருவுற்ற காலத்தில் பி-12 குறைந்திருந்த தாய்மாரின் பிள்ளைகள் ஒன்பது வயதில் கவனச் சோதனைகளில் சற்றுப் பின்தங்கியிருந்தனர். மைசூரில் 2010-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியில் அத்தகைய தொடர்பு தென்படவில்லை. ‘போலேட்’ என்னும் வேறொரு சத்துக்கே தொடர்பு கண்டனர். ஆகவே இக்கேள்விக்கு முடிவான விடை இன்னும் கிட்டவில்லை எனலாம். ஆயினும் கர்ப்பிணிகள் இவ்விரு சத்தும் குறையாமல் உண்ணுதல் எவ்வகையிலும் நன்றே.

பிள்ளைகளின் அறிவு வளர்ச்சி

வேலூர் உட்பட எட்டு நாடுகளின் எட்டு இடங்களில் 2009-ஆம் ஆண்டு முதல் குழந்தைகளைப் பிறந்த நாளிலிருந்து தொடர்ந்து கவனித்த பெரும் ஆராய்ச்சி ஒன்று நடைபெற்றது. அதன் முடிவுகளுள் ஒரு பகுதி 2018-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அடிக்கடி நோயுற்ற குழந்தைகளிடத்தும், குடலில் தீய கிருமிகள் மிகுதியாகக் காணப்பட்ட குழந்தைகளிடத்தும் இரத்தத்தில் இரும்புச் சத்தின் நிலை தாழ்ந்திருந்தது. அத்தாழ்வுடன் இரண்டு வயதில் அறிவுச் சோதனையின் தாழ்வும் சேர்ந்து காணப்பட்டது. வீட்டின் வசதியும் சூழலும் இதில் பெரும் பங்கு வகித்தன. வயிற்றுப்போக்கு வெளிப்படையாக இல்லாத குழந்தையின் குடலிலும் தீய கிருமி தங்கித் தீங்கு செய்யக்கூடும் என்பது இவ்வாராய்ச்சியால் வலியுறுத்தப்பட்ட செய்தி.

வங்காள தேசத்தின் டாக்கா நகரில் நிகழ்ந்த சோதனை, 2021-ஆம் ஆண்டில் வெளியானது, உழவர்களுக்கு உவகை தரத்தக்கது. மெலிந்திருந்த 12 முதல் 18 மாதக் குழந்தைகளுள் ஒரு பகுதியினருக்கு வழக்கமான சத்துணவும், மறு பகுதியினருக்குக் குடற் பாக்டீரியாவைச் சீராக்கும் நோக்குடன் வகுத்த உணவும் மூன்று மாதம் கொடுக்கப்பட்டன. பின்னதில் இருந்தவை கொண்டைக்கடலை மாவு, நிலக்கடலை, சோயா மாவு, வாழைக்காய் முதலியவை. அவ்வுணவில் உஷ்ணச் சத்து குறைவாக இருந்தும் அதனை உண்ட குழந்தைகளே நன்றாக எடை கூடினர். எலும்பு வளர்ச்சிக்கும் நரம்பு வளர்ச்சிக்கும் தொடர்புடைய புரதங்களும் அவர்கள் இரத்தத்தில் உயர்ந்தன. அறிவுச் சோதனையில் அவர்கள் மேம்பட்டனர் என்று இச்சோதனை கூறவில்லை. அதற்கு இன்னும் நீண்ட காலக் கவனிப்பு வேண்டும். ஆயினும் சாதாரண மளிகைச் சாமான்களைக் கொண்டே குடலிலுள்ள கூட்டத்தைத் திருத்த முடியும் என்பது தெளிவாயிற்று.

விலைக்கு வரும் நுண்ணுயிர்கள்

மாத்திரையில் அடைத்து விற்கப்படும் நல்ல பாக்டீரியாக்கள் சிலவகை வயிற்றுப்போக்கில் வைத்தியரின் ஆலோசனைப்படி பயன்படலாம். நலமாயுள்ள பிள்ளையின் ஞாபகத்தையோ பரீட்சை மதிப்பெண்ணையோ அவை உயர்த்தும் என்பதற்கு நிலையான சான்று இல்லை. குடற் பாக்டீரியாவுக்கும் நடுக்குவாதம், மறதி நோய், மனச்சோர்வு முதலியவற்றுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி எங்கும் ஆராய்ச்சி நடந்து வருகிறது. நோயால் குடல் மாறிற்றா, குடல் மாறியதால் நோய் வந்ததா என்பதைப் பிரித்தறிவதே அதில் கடினமான பகுதி. அது தெளியுமுன் பணத்தைச் செலவிடுதல், விதையின் முளைப்புத் திறனை அறியாமல் விதைப்பதற்கு ஒப்பாகும்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவதாக உணவு. தருமபுரி மண்ணில் விளையும் கேழ்வரகு இவ்வகையில் சிறந்தது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017-ஆம் ஆண்டு அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகில் சுமார் 11 கிராம் நார் உண்டு; தீட்டிய அரிசியில் சுமார் 3 கிராமே. கேழ்வரகில் ஊடுபயிராகும் அவரையும், கொள்ளும், துவரையும், சாமையும், கீரையும் சேர்ந்தால் குடலிலுள்ள பலவகை உயிர்களுக்கும் பலவகை உணவு கிட்டும். 2023-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு நீலகிரி, தருமபுரி ஆகிய மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் முன்னோடித் திட்டத்தைக் கொண்டு வந்தது. நம் உழவர் விளைத்ததை நம் குடும்பங்களே உண்ணுவதற்கு இத்தகைய ஏற்பாடு துணை செய்வதாகும்.

இரண்டாவதாகப் புளித்த உணவு. கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்துக் கூழ் காய்ச்சுவதால், இரும்பு முதலிய சத்துக்களை உடல் ஏற்காதவாறு தடுக்கும் பொருள் குறைகிறது. காய்ச்சும் சூட்டில் பாக்டீரியா இறந்துவிடினும், ஆறிய கூழில் சேர்க்கும் மோர் உயிருள்ள பாக்டீரியாவைத் தருகிறது. புளித்த உணவுகளைப் பத்து வாரம் உண்டவர்களின் குடற் பாக்டீரியா வகைகள் பெருகின என்று அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 2021-ஆம் ஆண்டில் கண்டனர். ஆயின் கூழையும் பழைய சோற்றையும் நம்பிப் பி-12 கிடைக்கும் என்று எண்ணலாகாது. அதற்குப் பாலோ தயிரோ முட்டையோ மீனோ வேண்டும்.

மூன்றாவதாகத் தாய்ப்பால். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மாத்திரமே கொடுத்தல் வேண்டும். குழந்தையால் செரிக்க இயலாத சில சர்க்கரைப் பொருள்கள் அப்பாலில் உள்ளன. அவை குழந்தையின் குடலிலுள்ள நல்ல பாக்டீரியாவுக்கென்றே அமைந்த உணவாகும்.

நான்காவதாக நீரும் தூய்மையும். கழிப்பிடத்தைப் பயன்படுத்துதல், சமைக்குமுன்னும் ஊட்டுமுன்னும் சோப்பிட்டுக் கை கழுவுதல், குடத்தை மூடிவைத்தல், ஐயமுள்ள நீரைக் கொதிக்க வைத்தல் ஆகியவை குழந்தையின் மூளைக்கும் பாதுகாப்பு. நம் மாவட்டத்துக் கிணற்று நீரில் மிகுந்துள்ள ஃபுளூரைடு கொதிக்க வைப்பதால் நீங்காது என்பதையும் நினைவில் இருத்துக. அதற்கென வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரைக் குடிப்பதற்குப் பயன்படுத்திக்கொள்ளுதல் நலம்.

ஐந்தாவதாக மருந்து. ‘ஆண்டிபயாடிக்’ எனப்படும் கிருமிக்கொல்லி மருந்துகள் தீயனவற்றுடன் நல்லனவற்றையும் அழிக்கின்றன. சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் கடையில் தாமே கேட்டு வாங்கி உண்ணும் வழக்கத்தை விடுதல் வேண்டும். வைத்தியர் எழுதித் தந்தால் அவர் கூறிய அளவும் நாளும் தவறாமல் உண்ணுதல் வேண்டும்.

இவற்றுள் எதுவும் ஒரு குடும்பத்தின் சக்திக்கு மீறியதன்று. நமது சங்கப் பண்டகசாலைகள் கேழ்வரகும் பயறு வகைகளும் ஆண்டு முழுவதும் கிடைக்குமாறு பார்த்துக்கொண்டால், அங்கத்தினர்களுக்குச் செய்யும் பேருதவியாகும். கால் மரப்போ இடையறாத மறதியோ உள்ள முதியோர் எந்த வீட்டிலேனும் இருப்பின், அவர்களை இம்மாதத்திலேயே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று காட்டுவார்களாக.